கிராஃபீன் மேல் குவாண்டம் புள்ளி பூசிய ஒளி உணரி வேலை செய்யவில்லையா? அறிகுறி வாரியாகப் பாருங்கள்

கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்) படலத்தின் மேல் லெட் சல்பைடு (ஈய சல்பைடு) குவாண்டம் புள்ளிகளை, அதாவது சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்தித் துகள்களை, பூசிச் செய்யும் ஒளி உணரியைப் பற்றியது இது. கீழே இருபரிமாணப் படலம், அதன்மேல் பூஜ்யப் பரிமாணப் புள்ளிகள். வெளிச்சத்தைப் பிடிப்பது புள்ளியின் வேலை, கரண்டைக் கடத்துவது கிராஃபீனின் வேலை. அடியில் 300 நானோமீட்டர் ஆக்சைடு வளர்த்த சிலிக்கான், அதுவே கேட், அதாவது வோல்ட் கொடுத்துக் கிராஃபீனின் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் முனை. கிராஃபீன் பட்டை பட்டையாக இருக்கும், ஒவ்வொரு பட்டையின் இரு முனையிலும் தங்கப் பேடு (மின் தொடுமுனை), ஒன்று சோர்ஸ், மற்றது டிரெயின். சில வருடங்களாக இந்தச் சிப்களைச் செய்தும், மாணவர்கள் "வேலை செய்யலை" என்று மேஜையில் கொண்டுவந்து வைப்பதைப் பார்த்துக் கொடுத்தும் வருகிறேன். திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டுக் கோளாறுதான். காசு செலவாகாத காரணத்தில் தொடங்கி, கையைக் கடிக்கும் காரணம் வரை ஒவ்வொரு அறிகுறியின் கீழும் வரிசையாக வைத்திருக்கிறேன்.

## எதற்கும் முன்னால்: வெறும் பட்டை இருக்கிறதா?

உங்கள் சிப்பில் எல்லாப் பட்டைகள் மேலும் புள்ளியைப் பூசிவிட்டீர்கள் என்றால் பாதிச் சோதனைகளை இனிச் செய்ய முடியாது. அதனால் அடுத்த சிப்பிலிருந்து மூன்று வகையாக வைத்துக்கொள்ளுங்கள்: புள்ளி பூசாத வெறும் கிராஃபீன் பட்டை ஒன்று, புள்ளி பூசிய கிராஃபீன் பட்டை ஒன்று, கிராஃபீனே இல்லாமல் இரண்டு தங்கப் பேடுக்கு நடுவில் புள்ளி மட்டும் உள்ள இடைவெளி ஒன்று. கோளாறு படலத்திலா, புள்ளியிலா, இரண்டும் சேரும் இடத்திலா என்பதை இந்த மூன்றும் சேர்ந்து பத்து நிமிடத்தில் சொல்லிவிடும். என் அனுபவத்தில் பெரும்பாலும் சேரும் இடத்தில்தான்.

இன்னொன்று, புள்ளி பூசுவதற்கு முன்பே எல்லாப் பட்டைகளையும் ஒரு முறை அளந்து கோப்பில் வைத்துவிடுங்கள். "முன்னாடி எப்படி இருந்தது?" என்று கேட்டால் பதில் இல்லாத சிப்பைச் சரிபார்ப்பது இருட்டில் ஊசி தேடுவது போலத்தான்.

## அறிகுறி 1: டிரெயினில் கரண்டே வரவில்லை

புரோப் (அளக்கும் ஊசி) தொடவில்லை. முதலில் இதைப் பாருங்கள், அவமானம் ஒன்றும் இல்லை. இரண்டு புரோப் நுனிகளையும் ஒரே தங்கப் பேடில் இறக்குங்கள். சில ஓம் வர வேண்டும். கிலோ ஓம் வந்தால் நுனி தேய்ந்திருக்கிறது, அல்லது கேபிள் போய்விட்டது, அல்லது பேட் மேல் ரெசிஸ்ட் (வடிவம் பதிக்கப் பூசிய பாலிமர்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. புள்ளி பூசிய சிப்பாக இருந்தால் பேட் மேல் புள்ளிப் படலமும் மூடியிருக்கும், நுனியால் லேசாகக் கீறித்தான் தங்கத்தை எட்ட வேண்டும்.

சோர்ஸ் மீட்டரின் (வோல்ட் கொடுத்துக் கரண்ட் அளக்கும் கருவி) கரண்ட் வரம்பு. முந்தைய ஆள் 10 நானோ ஆம்பியர் என்று வைத்துவிட்டுப் போயிருப்பார். பாருங்கள்.

பட்டை கிழிந்திருக்கிறது. நல்ல பட்டை, நீளமும் அகலமும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால், தொடுமுனையையும் சேர்த்துச் சில கிலோ ஓம் காட்டும். மெகா ஓம் காட்டினால் மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள். 300 நானோமீட்டர் ஆக்சைடு மேல் ஒற்றை அடுக்குக் கிராஃபீன் கண்ணுக்குத் தெரியும், பச்சை வடிகட்டி போட்டால் இன்னும் நன்றாகவே தெரியும். நான் அதிகம் பார்த்த கிழிசல் பட்டையின் நடுவில் இல்லை, தங்கத்தின் ஓரத்தில். முதலில் தங்கத்தை வைத்துவிட்டு அதன்மேல் படலத்தைப் படியவிட்டால், 50 நானோமீட்டர் படி இறங்கும் இடத்தில் படலம் அந்தரத்தில் தொங்கி, காயும்போது சுருங்கி, விளிம்போடு விளிம்பாக முடி அளவுக்கு ஒரு கோடு விட்டுவிடும். 20 மடங்கு லென்ஸில் ஒன்றும் தெரியாது, 100 மடங்கில் வைத்தால்தான் தங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய வெளிறிய கோடு தெரியும். இந்தத் தொல்லை பழகிப்போனால் முறையை மாற்றுங்கள்: முதலில் படலம், மேலே டைட்டானியம் 5, தங்கம் 50 நானோமீட்டர். லிஃப்ட்ஆஃப் (ரெசிஸ்டைக் கரைத்து வேண்டாத உலோகத்தைக் கழற்றுவது) செய்யும்போது அசிட்டோனில் ஊறவிட்டுப் பொறுமையாகப் பிப்பெட்டால் பீய்ச்சுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டியில் போடாதீர்கள், தங்கத்தோடு கிராஃபீனும் போய்விடும்.

நிலைமின் அதிர்ச்சியில் எரிந்துவிட்டது. நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, யாரும் எதையும் செய்யவில்லை என்றால் சந்தேகம் இங்கே போகட்டும். பட்டையின் குறுக்கே ஒழுங்கற்ற இடைவெளி, ஓரம் சற்று உருகினதுபோல் இருக்கும். மருந்து கிடையாது, அடுத்த பட்டைக்குப் போங்கள். ஆனால் இனிமேல் மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டுங்கள், புரோப் இறக்கும்போதும் எடுக்கும்போதும் மீட்டர் வெளியீடு பூஜ்யத்தில் இருக்கட்டும், மூன்று முனைகளையும் எர்த்தில் சேர்த்துவிட்டுப் பிறகு கேபிள் மாற்றுங்கள்.

## அறிகுறி 2: கேட்டைத் திருப்பினால் எதுவும் மாறவில்லை, அல்லது கேட்டிலேயே கரண்ட் போகிறது

எதுவும் மாறவில்லை என்றால் சிலிக்கானுக்குத் தொடர்பு இல்லை. வேஃபரின் பின்புறத்திலும் ஆக்சைடு உண்டு, அதை மறந்துவிட்டு மேஜைத் தட்டில் அப்படியே வைத்துவிடுகிறார்கள். ஓரத்தில் வைர முனையால் கீறி, சில்வர் பேஸ்ட் தடவி, அங்கிருந்து கேட் இணைப்பை எடுங்கள்.

கேட்டில் கரண்ட் போகிறது என்றால் அளவைப் பாருங்கள். நல்ல ஆக்சைடில் நானோ ஆம்பியருக்கும் கீழேதான் இருக்க வேண்டும். மைக்ரோ ஆம்பியர் வந்தால் ஆக்சைடு எங்கோ ஓட்டை. புரோப்பை அழுத்தி இறக்கியதில் பேடுக்கு அடியில் ஆக்சைடு உடைந்திருக்கும், வயர் பாண்டிங் செய்தபோது ஊசி குத்தியிருக்கும், இல்லை சிப்பை வெட்டிய ஓரத்தில் சில்வர் பேஸ்ட் வழிந்து மேலே ஏறியிருக்கும். கடைசியில் சொன்னதை ஸ்வாபால் துடைத்துவிடலாம், மற்ற இரண்டுக்கும் வேறு பேடுக்குப் போக வேண்டியதுதான். ஒன்று கவனியுங்கள்: கேட் கசிவு உள்ள பட்டையில் வரும் ஒளி அளவீடு எதையும் நம்பாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

## அறிகுறி 3: டிராக் புள்ளி கண்ணிலேயே படவில்லை

டிராக் புள்ளி என்பது கேட் வோல்ட்டை மாற்றும்போது கரண்ட் வரைபடத்தில் வரும் பள்ளத்தின் அடி, குவாண்டம் புள்ளி அல்ல. கேட்டை 60 வோல்ட் வரை கொண்டுபோயும் கரண்ட் இறங்கிக்கொண்டே இருக்கிறது, பள்ளத்தின் அடி வரவில்லை. 300 நானோமீட்டர் ஆக்சைடில் ஒரு வோல்ட்டுக்குச் சதுர செ.மீ.யில் சுமார் 7 ஆயிரம் கோடி மின்சுமை, அதாவது டிராக் புள்ளி 40 வோல்ட்டில் இருக்கிறது என்றால் கேட்காமலே கிட்டத்தட்ட 3 லட்சம் கோடி துளைகள் (எலக்ட்ரான் இல்லாத இடங்கள், நேர்மின்சுமை போல் நடப்பவை) ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. யார் கொண்டுவந்தது?

முதல் சந்தேகம் ஈரம். சென்னை மாதிரி கடலோர ஊரில் இது தினசரிப் பிரச்சினை, அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் காலையில் அளந்த சிப் மாலையில் வேறு சிப் போல இருக்கும். வெற்றிட அறையில் ஒரு இரவு விட்டு, முடிந்தால் 100 டிகிரிக்கு மேல் லேசாகச் சூடுபடுத்தி, வெளியே எடுக்காமலே அளந்து பாருங்கள். பத்து, இருபது வோல்ட் திரும்பி வந்தால் விஷயம் முடிந்தது.

வரவில்லை என்றால், இடமாற்றப் பிஎம்எம்ஏ எச்சம், அதாவது தாமிரத்தில் வளர்த்த படலத்தைச் சிப்புக்கு மாற்றும்போது தாங்கலாகப் பூசிய பிளாஸ்டிக். அசிட்டோன் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று நினைக்காதீர்கள், ஒரு மெல்லிய தோல் தங்கிவிடும். ஆர்கான், ஹைட்ரஜன் கலவையில் 300 டிகிரியில் சில மணி நேரம் அனீல் செய்யலாம், ஆனால் இதைப் புள்ளி பூசுவதற்கு முன்புதான் செய்ய வேண்டும், பூசிய பிறகு அந்தச் சூட்டில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புள்ளியாகவே இருக்காது. அதன் பிறகும் அசையவில்லை என்றால் தாமிரத்தைக் கரைத்த திரவத்தின் எச்சம். ஃபெரிக் குளோரைடுக்குப் பதில் அம்மோனியம் பெர்சல்ஃபேட்டுக்கு மாறி, தண்ணீர்க் கிண்ணத்தை மூன்று முறையாவது மாற்றி மிதக்கவிடுங்கள். இது பழைய சிப்பைக் காப்பாற்றாது, அடுத்ததைக் காப்பாற்றும்.

முன்னோக்கிப் போகும்போது ஓர் இடத்திலும் திரும்பும்போது வேறு இடத்திலும் பள்ளம் வருகிறதா? அதுவும் பெரும்பாலும் இதே ஈரமும் ஆக்சைடு பரப்பில் மின்சுமையைப் பிடித்து வைக்கும் பொறிகளும்தான். வெற்றிடத்தில் குறையும். குறையாவிட்டால் கிராஃபீனை வைப்பதற்கு முன் ஆக்சைடுக்கு எச்எம்டிஎஸ் (பரப்பில் நீர் ஒட்டாமல் செய்யும் வேதிப்பொருள்) பூசுங்கள்.

## அறிகுறி 4: வெளிச்சம் போட்டால் அசைவே இல்லை, அல்லது மிகக் குறைவு

அதிகம் வரும் புகார் இதுதான், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

எல்இடி எரிகிறதா? 850 அல்லது 940 நானோமீட்டர் எல்இடி கண்ணுக்குத் தெரியாது. போன் கேமராவில் பாருங்கள், பல போன்களில் முன் கேமராவில் வெளிர் ஊதாவாகத் தெரியும்.

புள்ளிக்குப் பிடித்த அலைநீளமா? புள்ளிக் குப்பியின் உட்கவர் வரைபடத்தை (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது) எடுத்து முதல் மேடு எங்கே என்று பாருங்கள். மேடு 950இல் இருக்கும் புள்ளிக்கு 1300 நானோமீட்டர் எல்இடியைக் காட்டினால் ஒன்றும் நடக்காது.

கேட் தவறான இடத்தில். நிறையப் பேர் டிராக் புள்ளியிலேயே கேட்டை வைத்துவிட்டு சிக்னல் தேடுகிறார்கள். வெளிச்சம் அந்தப் பள்ளத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது, அவ்வளவுதான். பள்ளத்தின் அடியில் சரிவே இல்லை, நகர்ந்தாலும் கரண்ட் மாறாது. சரிவு அதிகமான இடத்துக்குக் கேட்டை நகர்த்துங்கள். துளைப் பக்கத்தில் கரண்ட் ஏற வேண்டும், எலக்ட்ரான் பக்கத்தில் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே திசையில் போனால் அது புள்ளியின் வேலை அல்ல.

கணக்கு தவறு. 2012இல் பார்சிலோனாவின் ஐசிஎஃப்ஓ ஆய்வகத்தில் கான்ஸ்டன்டாடோஸ், கோப்பன்ஸ் குழு இதே கலவையில் ஒரு வாட் ஒளிக்குச் சுமார் ஒரு கோடி ஆம்பியர் என்று காட்டியது. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு தன் சிப்பில் சில ஆயிரம் மட்டும் வருவதைப் பார்த்து மாணவர்கள் மனம் உடைந்து போகிறார்கள். அது மிக மிக மங்கலான வெளிச்சத்தில் வந்த எண். வெளிச்சம் கூடக் கூட பெருக்கம் (ஒரு வாட் ஒளிக்குக் கிடைக்கும் கரண்ட்) விழும், அது இந்தச் சாதனத்தின் இயல்பு, கோளாறு அல்ல. அதோடு இன்னொரு தப்பும் நடக்கும். 5 மில்லிமீட்டர் அகல ஒளிவட்டத்தில் 1 மில்லிவாட் விழுகிறது, உங்கள் பட்டையோ 10க்கு 50 மைக்ரோமீட்டர். பட்டைமேல் விழுவது சுமார் 25 நானோவாட் மட்டுமே. முழு மில்லிவாட்டால் வகுத்தால் விடை நாற்பதாயிரம் மடங்கு குறைந்து போகும். நல்ல சிப்பைக் குப்பையில் போடுவதற்கு முன் இந்த வகுத்தலை ஒரு தடவை சரிபாருங்கள்.

லிகண்ட் (புள்ளியைச் சுற்றி ஒட்டியிருக்கும் மூலக்கூறு) மாறவில்லை. புள்ளிகள் குப்பியில் ஒலியிக் அமிலத்தைச் சுற்றிக்கொண்டு வரும். அந்த நீள வாலோடு பூசினால் மின்சுமை ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் தாவாது, கிராஃபீனுக்கும் இறங்காது. வாலை நீக்கிக் குட்டையான ஈடிடி (எத்தேன்டைதயால்) போட்டிருக்க வேண்டும். செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன்: கூடவே பூசிய கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு டொலுவீன் விடுங்கள். பழுப்பு நிறம் கரைந்து ஓடி வட்டமாகத் தெளிந்தால் மாற்றம் நடக்கவில்லை. சொட்டு காய்ந்த பிறகும் நிறம் அப்படியே இருந்தால் நடந்திருக்கிறது. ஐயம் தீரவில்லை என்றால் எஃப்டிஐஆர் என்னும் அகச்சிவப்பு நிறமாலையில் 2850 முதல் 2920 செ.மீ.⁻¹ வரையுள்ள கார்பன்-ஹைட்ரஜன் மேடு மறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இடையில் தோல். மேலே சொன்ன எல்லாம் சரி, புள்ளி மட்டும் உள்ள இடைவெளியும் வெளிச்சத்துக்கு அசைகிறது, வெறும் கிராஃபீனும் ஒழுங்காக இருக்கிறது, சேர்த்தால் மட்டும் ஒன்றும் இல்லை என்றால், நடுவில் பிஎம்எம்ஏ உட்கார்ந்திருக்கிறது. புள்ளிக்கும் படலத்துக்கும் நடுவே சில நானோமீட்டர் பிளாஸ்டிக் இருந்தால் போதும், மின்சுமை தாண்டாது. இந்த மூன்று பட்டைச் சோதனை இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க ஏஎஃப்எம் (அணு விசை நுண்ணோக்கி) தேவைப்படும்.

புள்ளி கெட்டுவிட்டது. லெட் சல்பைடு காற்றில் ஆக்சிஜன் ஏறி வெளிப்புறத்திலிருந்து தின்னப்படும். உட்கவர் மேடு வாங்கிய நாளைவிடக் குறைந்த அலைநீளத்துக்கு நகர்ந்திருந்தால் புள்ளி சுருங்கியிருக்கிறது. திரவம் கலங்கியிருந்தால் திரண்டுவிட்டது, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் ஒரு முறை வடித்துப் பாருங்கள், தெளியவில்லை என்றால் புதுக் குப்பிதான். இந்தப் பட்டியலில் காசு கேட்பது இது ஒன்றுதான், அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

## அறிகுறி 5: வெறும் பட்டையும் வெளிச்சத்துக்கு அசைகிறது

அப்படியென்றால் இதுவரை நீங்கள் புள்ளியின் சிக்னல் என்று நினைத்தது சிலிக்கானின் சிக்னல். 1100 நானோமீட்டருக்குக் குறைவான ஒளியைச் சிலிக்கானே உறிஞ்சி, ஆக்சைடுக்குக் கீழே மின்சுமையைச் சேர்த்து, அடியிலிருந்தே கேட் போல் வேலை செய்யும். லேசாக டோப் செய்த (மின்கடத்த உதவும் மாசு அணுக்கள் குறைவாகச் சேர்த்த) வேஃபரில் இது மோசம். கடுமையாக டோப் செய்த வேஃபருக்கு மாறுங்கள், ஒளிவட்டத்தைப் பட்டையோடு நிறுத்துங்கள். மெதுவாக, நிமிடக் கணக்கில் ஏறுகிற அசைவு, அதுவும் புற ஊதா எல்இடியில் என்றால், கிராஃபீன் மேல் ஒட்டியிருந்த ஆக்சிஜன் பிரிந்து போவது. வெற்றிடத்தில் சில முறை வெளிச்சம் காட்டினால் அடங்கிவிடும்.

வெறும் பட்டை இல்லாத சிப்பில் இதைப் பிரித்துச் சொல்வது மிகவும் கஷ்டம். ஒரு மாணவி நான்கு மாத அளவீட்டை இதனால் இழந்தார், அந்த நாள் எனக்கு இன்னும் வலிக்கிறது.

## அறிகுறி 6: சிக்னல் வருகிறது, ஆனால் வெளிச்சத்தை அணைத்தாலும் போகமாட்டேன் என்கிறது

சில நூறு மில்லி வினாடியில் தொடங்கி ஓரிரு வினாடி வரை இழுப்பது இந்த வகை உணரியில் இயல்பு. பெருக்கமே, எலக்ட்ரான் புள்ளிக்குள் மாட்டிக்கொண்டு நிற்பதால் வருவது. நிமிடக் கணக்கில் இழுத்தால்தான் கோளாறு.

முதலில் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். பிறகு, வெளிச்சம் அணைந்ததும் கேட்டில் ஒரு சிறு துடிப்பு கொடுங்கள், மாட்டிய மின்சுமை வெளியேறி அடிக்கோட்டுக்குத் திரும்பும். துடிப்பால் சரியாகிறது என்றால் அப்படியே பயன்படுத்தலாம். அதிலும் அடங்கவில்லை என்றால் பூச்சு வேலையில் பாருங்கள்: மெத்தனாலால் அதிகம் கழுவினால் லிகண்டும் உரிந்து, ஆழமான பொறிகள் திறந்துவிடும். அசிட்டோநைட்ரைலுக்கு மாறுங்கள், கழுவல் இரண்டு மூன்றோடு நிற்கட்டும். பூச்சை வெளிக்காற்றில் செய்திருந்தால் குளோவ் பாக்ஸுக்குள் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 7: பூச்சு வெடித்திருக்கிறது, திட்டுத்திட்டாக இருக்கிறது

நீள வாலை எடுத்துவிட்டுக் குட்டை வால் போட்டால் படலம் சுருங்கும், தடித்த படலம் என்றால் வறண்ட ஏரிபோல் வெடிக்கும். மருந்து: ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாதீர்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 30 மில்லிகிராம் திரவம், நிமிடத்துக்கு 2500 சுற்று, அதன்மேல் அசிட்டோநைட்ரைலில் 0.02 சதவீத ஈடிடியை 30 வினாடி நிற்கவிட்டு, சுற்றி, கழுவி, மறுபடி. இரண்டாவது சுற்று முதல் சுற்றின் வெடிப்பை நிரப்பும். 80 முதல் 100 நானோமீட்டரோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் மேலடுக்கில் பிடித்த வெளிச்சத்தில் பிறக்கும் மின்சுமை கிராஃபீன் வரை வந்து சேராது.

திட்டு வந்தால், கிராஃபீன் உள்ள இடத்தில் மட்டும் திரவம் விலகுகிறதா என்று பாருங்கள். விலகினால் அது மீண்டும் பிஎம்எம்ஏதான். சிப் முழுதும் விலகினால் திரவத்தில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

ஈடிடி நாற்றம் சட்டையோடு வீட்டுக்கு வரும், அதனால் வேலை முழுதும் புகைக்கூண்டிலோ குளோவ் பாக்ஸிலோதான். கழுவிய திரவத்தில் ஈயம் இருக்கிறது, சிங்கில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள்.

## அறிகுறி 8: சிக்னலில் இரைச்சல்

50 ஹெர்ட்ஸ் அலை தெரிந்தால் எர்த் வளையம் அல்லது அறை விளக்கு, விளக்கை அணைத்து, பெட்டியை மூடிப் பாருங்கள். அலை இல்லாமல் நிலையின்றி ஆடினால் தொடுமுனை. அதற்கு மேல் மிஞ்சுவது கிராஃபீனுக்கே உரிய குறைந்த அதிர்வெண் இரைச்சல், அதோடு வாழப் பழக வேண்டும், அல்லது வெளிச்சத்தைச் சீரான இடைவெளியில் விட்டு விட்டுக் காட்டி, லாக்-இன் (அந்த அதிர்வெண் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) வைத்து அளக்க வேண்டும்.

## எப்போது வெளியே கொடுப்பது

இரண்டு சிப் அடுத்தடுத்து ஒரே கோளாறில் போனால், மூன்றாவதைச் செய்யாதீர்கள். சோர்ஸ் மீட்டர் தெரிந்த மின்தடையையே தவறாகக் காட்டுகிறதா, கருவிக்காரரைக் கூப்பிடுங்கள், திறந்து பார்க்க வேண்டாம். குளோவ் பாக்ஸில் ஆக்சிஜன் 1 பிபிஎம்மைத் தாண்டி இறங்க மறுக்கிறதா, அதுவும் அப்படியே. ராமன் நிறமாலையில் 1350 செ.மீ.⁻¹இல் பெரிய மேடு எழுந்தால் படலமே குறையுள்ளது, நல்ல இடத்திலிருந்து வளர்த்த படலத்தை வாங்குங்கள், வேறு வழி இல்லை. உங்கள் கல்லூரியில் சுத்த அறை இல்லாவிட்டால், பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐஐடி பம்பாய் போன்ற இடங்களில் ஐஎன்யூபி (இந்திய நானோ மின்னணுப் பயனர் திட்டம்) திட்டத்தின் கீழ் வெளி ஆட்களுக்கும் லித்தோகிராபி, உலோகப் பூச்சு எல்லாம் செய்ய இடம் தருகிறார்கள், விண்ணப்பிக்கலாம்.

சிப்பை அனுப்பும்போது பெட்டியில் ஒரு காகிதம் போடுங்கள்: புள்ளி பூசுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த கேட் வரைபடம், கேட் கசிவு, புள்ளியின் உட்கவர் மேடு, லிகண்ட் எது, எத்தனை அடுக்கு, அளந்த அன்று ஈரப்பதம் எவ்வளவு, வெறும் பட்டை எது என்று அம்புக்குறி. சிப்பைத் தூக்கும்போது பட்டை இல்லாத ஓரத்தைத்தான் இடுக்கி தொட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.